இங்கே யாரும் செபிக்கிறதில்லை

சான் செராபியோ பேட்டை,
மார்ச் 4, 1991

அன்செல்மோவுக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்று நான் எடுத்த முடிவில் மாற்றம் எதுவும் இல்லை. இது பேச்சில்லை, கடிதம்.

என் வீட்டு முன்சுவரில் நான் ஆசையாக அடித்த நீலம் 'நகரத்தின் வரலாற்றுத் தன்மைக்கு ஒவ்வாதது' என்று மெக்சிகோ நகரத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதியவன் என் கூடப் பிறந்த தம்பி என்பதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. சுவர் இப்போது மண் நிறத்தில் இருக்கிறது. நகரசபைக்காரர்களே வந்து அடித்துக் கொடுத்தார்கள். தெரு முழுக்க அதே நிறம். போன வாரம் ரொட்டிக்கடை ஹிலாரியோ குடித்துவிட்டு வந்து, என் கதவைத் தன் கதவு என்று நினைத்து, வெகுநேரம் நின்று தன் மனைவியைத் திட்டினார். நானும் உள்ளேயிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் அவருக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நம் பேட்டைப் புனிதர் சான் செராபியோவின் காரியக்காரியாக என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நவம்பர் பதினான்காம் தேதித் திருவிழா வரை ஆலயத்துச் சாவி, அவருடைய மரச் சுரூபத்தின் உடுப்புகள், மோலே குழம்பு காய்ச்சும் அண்டா எல்லாம் என் பொறுப்பு. சாவி என் கைக்கு வந்த மறுவாரமே அரசாங்கத்து ஆட்கள் வந்தார்கள். சுவரை அளந்தார்கள், கூரையைப் படம் பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைவன் பெர்முதெஸ் என்று ஒருவன். ஆய்வாளராம். ஷூவைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"ரொம்ப அழகான ஆலயம், அம்மா."

"தெரியும்."

"எந்த நூற்றாண்டுன்னு நினைக்கிறீங்க?"

"அதை நீங்கதான் சொல்லணும். நான் பெருக்கத்தான் செய்றேன்."

சிரித்தான். சிரித்துவிட்டு அதை எழுதிக்கொண்டான். அரசாங்கத்து ஆள் அதட்டினால் நான் பயப்படுவதில்லை, நானும் அதட்டுவேன். மரியாதையாகப் பேசினால்தான் பயம். நீ அந்த அலுவலகத்தில்தானே இருக்கிறாய்? இவர்களுக்கு என்ன வேண்டும்? நேராகச் சொல்.

உன் அக்கா,
ரெஃபூகியோ

———

மெக்சிகோ நகரம்,
மார்ச் 19, 1991

அன்புள்ள அக்கா,

உன் கடிதம், அல்லது உன் பேச்சின்மை, கிடைத்தது. நீல நிறம் பற்றிய முடிவு ஒரு குழுவுடையது. நான் அக்குழுவின் செயலாளர் மட்டுமே. நீலத்துக்கு ஆதரவாகப் பேச யாரும் இல்லை என்பதைக் கூட்டக் குறிப்பில் வருத்தத்துடன் பதிவு செய்தேன்.

நீ கவலைப்பட ஏதுமில்லை. நம் ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கும் முயற்சி நடக்கிறது. அதற்கு முன்னேற்பாடாக 'பேட்டைகள் மீட்புத் திட்டம்' என்று ஒன்று. மீட்பு என்றால் யாரிடமிருந்து என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். அந்தக் கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கூட்டம் முழுவதும் மணிக்கூண்டில் உட்காரும் புறாக்கள் காலனிக் காலத்துப் புறாக்களின் வாரிசுகளா, பின்னால் வந்து குடியேறியவையா என்பதிலேயே கழிந்தது.

சட்டநிலை உனக்குத் தெரிந்ததுதான். இந்த நாட்டில் ஆலயக் கட்டடங்களும் அவற்றில் உள்ள பழம்பொருட்களும் தேசத்தின் சொத்து. அவற்றுக்குரிய பயன்பாடு தொடரும்வரை அவை பயன்படுத்துவோரிடமே இருக்கும். சுரூபத்தைச் செப்பனிட எடுத்துச் செல்லும்படி பரிந்துரை வரக்கூடும். அதை நான் ஆதரிக்கவுமில்லை, எதிர்க்கவுமில்லை. எங்கள் அலுவலகத்தில் இதற்கு 'முழு ஒத்துழைப்பு' என்று பெயர்.

திருவிழாவுக்கு வர முயல்கிறேன்.

அன்புடன்,
அன்செல்மோ

———

சான் செராபியோ பேட்டை,
மே 6, 1991

அன்செல்மோவுக்கு,

கவலைப்பட ஏதுமில்லை என்று நீ எழுதியதைப் பேட்டைக்காரர்களிடம் படித்துக் காட்டினேன். எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது.

சாந்தா பார்பரா பேட்டையில் என்ன நடந்தது தெரியுமா? அவர்களுடைய புனிதையைச் செப்பனிட என்று பஞ்சு சுற்றி எடுத்துப்போனார்கள். இப்போது அவள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் நிற்கிறாள். பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். அந்தப் பேட்டைக்காரர்களுக்கு மட்டும் திங்கட்கிழமைகளில் இலவசம். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

நம் தெருமுனையில் இருந்த மருந்துக்கடையும் போய்விட்டது. போகவில்லை, மீட்டுவிட்டார்கள். அங்கே இப்போது பழைய காலத்துப் பீங்கான் ஜாடிகளும் பித்தளைத் தராசும் இருக்கின்றன. ஆஸ்பிரின் கேட்டால் சீட்டு வாங்கச் சொல்கிறார்கள். தொலைபேசி அங்கேதான் இருந்தது. அது இருந்த இடத்தில் கைப்பிடி சுற்றும் பழைய பெட்டி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அது பேசாது. ஆகவே அவசரம் என்றாலும் நீ கடிதம்தான் எழுத வேண்டும்.

அடுத்தது பித்தளைத் தகடு. 'வரலாற்று இல்லம்' என்று பொறித்து ஒதிலியா வீட்டுச் சுவரில் அடித்தார்கள். அவள் பூ வைத்துக் கொண்டாடினாள். பதினைந்து நாளில் தாள் வந்தது. கூரை பழுதாக இருக்கிறதாம், மாற்ற வேண்டும். வரலாற்று இல்லம் என்பதால் கூரையை மாற்றக் கூடாது, ஆகவே யாரும் குடியிருக்கவும் கூடாது. ஒதிலியா இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறாள். அவள் வீட்டு ஜன்னலில் வாடகைக்கு எடுத்த ஜெரேனியப் பூத்தொட்டி இருக்கிறது.

அதனால் என் சமையலறையில் கூட்டம் போட்டோம்.

"அடுத்தது நம்ம சாமிதான்," என்றார் சுரங்கத்தில் வேலை பார்த்த நிக்கானோர். அவர் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க இரண்டு தடவை இரும வேண்டும்.

"பூட்டிடலாமா?" என்றேன்.

"பூட்டைத் திறக்கத்தான் அவங்களுக்குச் சம்பளம்," என்றார் ஹிலாரியோ. "இருபத்தேழுல என்ன பண்ணுனாங்களோ அதைப் பண்ணுவோம்."

உனக்கு நினைவிருக்கும், வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட கதை. 1927, அரசாங்கம் ஆலயங்களை மூடிய காலம். சிப்பாய்கள் வந்து கேட்டபோது சான் செராபியோ ஹிலாரியோவின் தாத்தா கடை மாவுத் தொட்டிக்குள் படுத்திருந்தார். பிரிமித்திவா அத்தை வாசலில் ரொட்டி விற்றுக்கொண்டு, "இங்கே யாரும் செபிக்கிறதில்லை, கேப்டன்," என்று சொன்னாள். பேட்டை முழுக்க அதையே சொன்னது. மூன்று வருஷம் சொன்னது. அக்கம்பக்கத்துச் சுரூபங்கள் எல்லாம் அடுப்பெரிக்கப் போயின. நம்முடையது மட்டும் முகத்தில் கொஞ்சம் மாவோடு திரும்பி வந்தது.

முடிவு செய்தோம், செய்தும் முடித்தோம். பீடம் காலி, திரை மட்டும் தொங்குகிறது. செபமாலை வெள்ளிதோறும் ஒவ்வொரு வீட்டில். பங்குச் சாமியார் புதியவர், திருவிழாப் பூசைக்குத்தான் இங்கே வருவார். ஆயர் வாயைப் பார்த்துத்தான் அவர் வாயைத் திறப்பார். அவரிடம் சொல்லவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று நீயும் கேட்காதே. சாமியாரைச் சொல்லவில்லை, சான் செராபியோவை. நீ அரசாங்கம்.

ரெஃபூகியோ

———

மெக்சிகோ நகரம்,
மே 24, 1991

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதில் சில பகுதிகளை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பொதுவாகச் சொல்கிறேன், யாரையும் குறித்தல்ல: ஒரு புனிதர் தம் இடத்தில் இருப்பது எல்லா வகையிலும் விரும்பத்தக்கது. ஒரு கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்காகவே பயன்படுகிறது என்பது வெளிப்படையாகத் தெரிவதும் விரும்பத்தக்கது. மெழுகு உருகிய கறை, வாடிய பூ, முழங்கால் பட்டுத் தேய்ந்த பலகை இவையெல்லாம் அழகியல் நோக்கிலும் பிற நோக்குகளிலும் மதிப்புள்ளவை. பிற நோக்குகள் என்பதை இன்னொரு முறை வாசி.

சில வாரங்களில் பெர்முதெஸ் ஒரு வினாப்பட்டியலோடு வருவார். வீடுவீடாகக் கேட்பார். அதில் ஒரு கேள்வி முக்கியமானது. எது என்று நான் சொல்லக் கூடாது. அந்தக் கோப்பு என் மேஜையில்தான் இருக்கிறது. விசாரணைக்கு உட்பட்டவர்களுக்கு விடை சொல்லிக்கொடுக்கும் அதிகாரி வேலையை இழப்பான், அதோடு முடிவதுமில்லை. நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கேட்கும் கேள்விக்குத் தகுந்த விடையை அளியுங்கள். பேட்டையின் மரபு என்னவோ அது விடையில் தெரியட்டும்.

புரிந்திருக்கும் என நம்புகிறேன்.

அன்செல்மோ

———

சான் செராபியோ பேட்டை,
ஜூலை 2, 1991

என் அருமைத் தம்பிக்கு,

புரிந்தது! முதல் வாசிப்பில் புரியவில்லை. ஹிலாரியோதான் பிரித்துச் சொன்னார். "பேட்டையோட மரபு விடையில தெரியட்டும்னு எழுதியிருக்கான் பாரு. அத்தை சொன்னதைச் சொல்லுங்கன்னுதான் அர்த்தம். பையன் நம்ம பையன்தான்." உன்னைப் பற்றி இந்தப் பேட்டையில் ஒரு நல்ல வார்த்தை கேட்டு வெகுநாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெர்முதெஸ் நேற்று வந்தான். முதலில் ஆலயத்தைத் திறந்து காட்டச் சொன்னான். நாங்கள் தயாராக இருந்தோம். மெழுகைச் சுரண்டிவிட்டோம். பூவை எல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டோம். முழங்கால் பலகைகளை நிக்கானோர் வீட்டு மாடியில் ஏற்றிவிட்டோம். ஒரு மெழுகுவர்த்தித் துண்டுகூட மிச்சமில்லை. சிலந்திவலை மட்டும் இரண்டு இடத்தில் விட்டுவைத்தேன். அது என் யோசனை.

பிறகு வீடுவீடாகப் போனான். நான் சாவி வைத்திருப்பவள் என்பதால் கூடவே போனேன். ஹிலாரியோ வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

"இந்த ஆலயத்துல வழிபாடு நடக்குதா, ஐயா?"

"எந்த ஆலயம்?"

"உங்க கடைக்கு எதிர்ல இருக்கறது."

ஹிலாரியோ எட்டிப் பார்த்தார், அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவர் மாதிரி. "ஓ, அதுவா. ஏதோ பழைய கட்டடம்னு நினைச்சேன்."

"கடைசியா எப்ப பூசை நடந்தது?"

"பூசையா? இங்கே யாரும் செபிக்கிறதில்லைங்க. நாங்க எல்லாம் முன்னேறினவங்க."

நிக்கானோர் இன்னும் ஒரு படி மேலே போனார். தனக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமி முடித்ததும் வழக்கம்போல் சிலுவை போட்டுக்கொண்டார். பெர்முதெஸ் நல்லவேளையாகக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான்.

ஒரு வீட்டில்கூட யாரும் உளறவில்லை. தெருவில் போன தபால்காரர்கூட, யாரும் கேட்காமலேயே, "இங்கே யாரும் செபிக்கிறதில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். சந்தோஷமாகப் போட்டோம். கடைசியில் பெர்முதெஸ் எனக்குக் கை கொடுத்தான். "இவ்வளவு தெளிவா, ஒரே மாதிரி பதில் சொன்ன பேட்டையை நான் பார்த்ததில்லை, அம்மா. என் வேலையை ரொம்பச் சுலபமாக்கிட்டீங்க," என்றான்.

அவன் போன பிறகு சோளமாவுத் தமாலே அவித்துச் சாப்பிட்டோம். உன் பெயரைச் சொல்லி ஒரு குவளை பூல்கே கள் குடித்தோம். நீலச் சுவரை நான் மன்னித்துவிட்டேன்.

உன் அக்கா,
குக்கா (நீ சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்தான்)

———

மெக்சிகோ நகரம்,
ஜூலை 15, 1991

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். பெர்முதெஸின் அறிக்கை அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது.

முன்பே எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். வழிபாடு நடக்கும் ஆலயத்தை அரசாங்கம் தொட முடியாது. வழிபாடு நின்றுபோன ஆலயத்தை எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அந்த ஒரு கேள்விதான் ஆலயத்தைக் காப்பாற்றும் கேள்வி. அதைப் பட்டியலில் நுழைத்தது நான். 'ஆமாம்' என்று ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒரு கிழவர் சொல்லியிருந்தால் போதும், கோப்பை மூடியிருப்பேன். அந்தக் கேப்டனுக்கு வழிபாடு நடப்பது குற்றம். இந்த ஆய்வாளருக்கு அது நடக்காமல் இருப்பதுதான் தேவை. நீங்கள் கேப்டனுக்குச் சொல்ல வேண்டிய விடையை அறுபது வருஷம் கழித்து ஆய்வாளருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்.

சிலந்திவலையின் படம் பின்னிணைப்பில் இருக்கிறது. தனிப் பக்கம்.

தகுந்த விடை என்று நான் எழுதியபோது உண்மையைச் சொல்லுங்கள் என்று எழுத எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொல் என்பதில் எங்கள் அலுவலகம் ஒரு தவறும் கண்டுபிடித்திருக்காது என்பது இப்போது தோன்றுகிறது. பதினாறு வருஷமாகத் தெளிவாக எதையும் எழுதிப் பழக்கமில்லை.

ஆணை தயாராகிறது. நிறுத்தப் பார்க்கிறேன். சுரூபத்தை எங்கும் காட்டாதே. காட்டாமலும் இருக்காதே. எனக்கே என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்செல்மோ

———

சான் செராபியோ பேட்டை,
ஆகஸ்ட் 20, 1991

அன்செல்மோ,

உன் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. காட்டத் தேவையும் இருக்கவில்லை. அது வந்த வாரமே ஆலயத்துப் பூட்டை மாற்றிவிட்டார்கள். என் கையில் இருக்கும் சாவி இப்போது எதையும் திறக்காது. வாசலில் பலகை: 'மீட்கப்படுகிறது.' உள்ளே விருந்து மண்டபம் வருகிறது. ஒதிலியா வீட்டையும் அதன் பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்துத் தங்கும் விடுதி ஆக்குகிறார்கள். பீடம் இருக்கும் இடத்தில் மது வைக்கும் மேடை. பீடத்தை இடிக்க மாட்டார்களாம், வரலாற்றுச் சின்னம். மேலே குப்பிகளை மட்டும் அடுக்குவார்களாம்.

நான், ஹிலாரியோ, நிக்கானோர் மூவரும் நகரசபைக்குப் போனோம். ஞாயிறு உடுப்பில் போனோம். பெர்முதெஸே எங்களுக்கு நாற்காலி போட்டான்.

"அன்னிக்கு நாங்க சொன்னது பொய்ங்க," என்றேன். "நாங்க செபிக்கிறோம். வாராவாரம்."

"எங்கே, அம்மா?"

"வீட்டுல."

"ஆலயத்துல இல்லையே?"

"சாமி வீட்டுல இருக்கறப்ப ஆலயத்துல யாரைக் கும்பிடறது?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் வந்துவிட்டது. பெர்முதெஸ் பேனாவைத் திறந்தான். குரல் மாறவே இல்லை.

"அப்ப சுரூபம் இருக்கு. ரொம்ப சந்தோஷம். அது பதினெட்டாம் நூற்றாண்டு. தேசத்தோட சொத்து. தனியார் வீட்டுல வச்சிருந்தா அதுக்குத் திருட்டுன்னு பேரு, அம்மா. எட்டு வருஷம்வரைக்கும் உள்ளே இருக்கலாம். யார் வீட்டுலன்னு சொன்னீங்க?"

நிக்கானோருக்குக்கூட இருமல் வரவில்லை. அப்போது ஹிலாரியோ, கடவுள் அவருக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி, "சுரூபமா? எந்தச் சுரூபம்?" என்றார்.

ஆக, கும்பிடுகிறோம் என்று நிரூபிக்க வேண்டுமானால் சுரூபத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் திருடர்கள். காட்டாவிட்டால் யாரும் செபிக்காத பேட்டை. உன் அலுவலகத்தில் இதை உட்கார்ந்து யோசித்தார்களா, தானாக அமைந்ததா?

கிளம்பும்போது பெர்முதெஸ் எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னான். விடுதி விருந்தினர்களுக்காகத் தினமும் மாலையில் சான் செராபியோ ஊர்வலம் நடக்குமாம். நெகிழியில் ஒரு சுரூபம் செய்துவிட்டார்கள், ஒற்றைக் கையால் தூக்கலாம். காரியக்காரியாக நான் முன்னால் நடக்க வேண்டும்.

"நான்தானே காரியக்காரி?" என்றேன்.

"அதனாலதான் உங்களைக் கேக்கறோம். உடுப்பு நாங்களே குடுத்துடுவோம்."

"என் உடுப்புக்கு என்ன?"

என்னை மேலும் கீழும் பார்த்தான். "கொஞ்சம் இன்னும் அசலா இருக்கணும்," என்றான்.

நவம்பர் பதினான்காம் தேதி, நம் திருவிழா நாளிலேயே, திறப்புவிழா. உலகப் பட்டியல்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்களாம், பேட்டையின் உயிருள்ள மரபைப் பார்க்க.

நிக்கானோர் வீட்டுக்கும் தகடு அடித்துவிட்டார்கள். நேற்று சாமான்களை வண்டியில் ஏற்றினார். முழங்கால் பலகைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

ரெஃபூகியோ

———

தேசியச் சொத்து மீட்புப் பிரிவு,
மெக்சிகோ நகரம்,
செப்டம்பர் 30, 1991

மதிப்பிற்குரிய திருமதி ரெஃபூகியோ சவாலா அவர்களுக்கு,

சான் செராபியோ பேட்டை ஆலயத்துக்குரிய, மரத்தாலான, வெள்ளைத் துறவாடை உடுத்திய சுரூபம் ஒன்று காணாமற்போனது தொடர்பாக, தங்கள் இல்லம் உள்ளிட்ட சில இல்லங்களில் அக்டோபர் 10, வியாழனன்று சோதனை நடத்தப்படும். தாங்கள் ஒத்துழைப்பு நல்க வேண்டும். சுரூபத்தை அடையாளம் காட்டவல்ல தகுதி பெற்ற அதிகாரியாகக் கீழே கையொப்பமிட்டவர் குழுவுடன் வருவார்.

இப்படிக்கு,
கட்டடக் கலைஞர் அன்செல்மோ சவாலா

பின்குறிப்பு (கையால்): அக்கா, மேலே உள்ளது அவர்கள் சொல்ல நான் எழுதியது. அந்தச் சுரூபத்தைச் சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் நின்று பார்த்த அதிகாரி என்னைத் தவிர யாரும் இல்லை என்று பெர்முதெஸ் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அது உண்மையும்கூட. நான் யாருடைய தம்பி என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மறுத்தால் உன்னிடம்தான் இருக்கிறது என்று சொன்னதாகிவிடும். வந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இதைச் சமாதானத்துக்காக எழுதவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை.

———

சான் செராபியோ பேட்டை,
அக்டோபர் 21, 1991

தம்பி அன்செல்மோ,

இதை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. ஹிலாரியோவின் மருமகன் லாரியில் வருகிறான், உன் கையிலேயே கொடுப்பான்.

நீ வந்த அன்று நாம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. போலீஸ்காரர்கள் இருந்தார்கள், பெர்முதெஸ் இருந்தான். நீ என்னை 'திருமதி சவாலா' என்றாய். நான் உன்னை 'ஐயா' என்றேன். நீ மெலிந்துவிட்டாய். அதைச் சொல்ல வழியில்லை.

அவர்கள் ஹிலாரியோவின் மாவுத் தொட்டிகளைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் வெள்ளையாக வந்தார்கள். என் அடுப்படியில் தேடினார்கள். கட்டிலைப் புரட்டினார்கள். அலமாரிக்கு முன் நீ வந்து நின்றாய். "இதை நான் பார்க்கறேன்," என்று நீயே சொன்னாய். நான் பைக்குள் கையை விட்டுச் செபமாலையைப் பிடித்துக்கொண்டேன். நீ கதவைத் திறந்தாய். சான் செராபியோ உனக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள்.

"என்ன இருக்கு, ஆர்கிடெக்ட்?" என்றான் பெர்முதெஸ் வாசல் பக்கமிருந்து.

"துணி," என்றாய்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்லை. வெள்ளைத் துணி."

கதவைச் சாத்தினாய். என் மேஜையில் உட்கார்ந்து அதையே அறிக்கையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாய். 'கண்டவரை', 'பொதுவாக' என்று எதையும் சேர்க்கவில்லை. நான் தலைகீழாகப் படித்துவிட்டேன்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ குனிந்து எழுதிக்கொண்டிருந்தபோது பெர்முதெஸ் அலமாரியைப் பார்க்கவே இல்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும், அன்செல்மோ. வரும்போதே தெரியும். சுரூபம் கிடைக்குமா என்று பார்க்க அவன் வரவில்லை. நீ என்ன எழுதுவாய் என்று பார்க்க வந்தான். நீ வண்டியில் ஏறிய பிறகு என்னிடம் வந்து சொன்னான், அதே மரியாதைக் குரலில்:

"உங்க தம்பிக்கு அனுபவம் அதிகம், அம்மா. அடுத்த தடவை அவரைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

போன சனிக்கிழமை அவர்கள் இன்னொரு தடவை வந்தார்கள். ஒன்றும் தேடவில்லை. அலமாரியை வெளியிலிருந்து நாலு பக்கமும் அளந்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்கு இப்போது தகடு இருக்கிறது. உன்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டதாக ஹிலாரியோவின் மருமகன் சொல்கிறான். எந்தப் பிரிவு என்று கேட்டேன். கோப்புகளே இல்லாத பிரிவாம். அவர்கள் காத்திருக்கிறார்கள். திறப்புவிழா முடியட்டும், வெளிநாட்டுக்காரர்கள் போகட்டும் என்று.

அதனால் நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. பதினான்காம் தேதி மாலை, அவர்களுடைய நெகிழிச் சுரூபம் ஆலய வாசலிலிருந்து கிளம்பும் நேரத்தில், என் வீட்டு வாசலிலிருந்து இவரும் கிளம்புவார். தெரு நடுவே, எல்லோரும் பார்க்க, செபமாலை சொல்லிக்கொண்டு. இங்கே யாரும் செபிக்கிறதில்லையா என்று அவர்களே பார்க்கட்டும். அங்கேயே பிடிப்பார்கள், தெரியும். பிடித்தால் திருட்டு என்று எழுத வேண்டும். யாரும் கும்பிடாத மரத்தைத் திருடிக்கொண்டு ஊரறியப் பாடிக்கொண்டு யார் போவார் என்று ஒரு நீதிபதியாவது கேட்க மாட்டாரா? கேட்காமலும் போகலாம். ஹிலாரியோ கம்பளிச் சட்டையைப் பையில் மடித்து வைத்துவிட்டார், சிறையில் குளிரும் என்று.

நிக்கானோர் வருகிறார். ஒதிலியா பேருந்து நிலையத்திலிருந்து வருகிறாள். மருமகன், ஹிலாரியோ, நான்.

உன்னை வா என்று சொல்லவில்லை. நீ செய்ததே போதும், அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ மறந்திருக்கலாம். அவர் நல்ல கனம். சப்பரத்தோடு தூக்க ஆறு தோள் வேண்டும். இங்கே மீதி இருப்பது ஐந்து.

அக்கா